றம்பொடை ஏற்றத்தில் ஓர் அரைப்பேர்

யாழ்ப்பாணத்துக்காரனுக்கு மலை என்றால் கீரிமலை. போனவர்களுக்குத் தெரியும், அது மலையே இல்லை, கடற்கரை. கேணியில் குதித்து நீந்திவிட்டு, நகுலேஸ்வரத்தில் கும்பிட்டுவிட்டு, கச்சான் கொறித்துக்கொண்டு வீட்டுக்கு வரலாம். ஏறுவதற்கு அங்கே ஒன்றும் கிடையாது. எங்கள் பக்கம் சைக்கிள் ஓடுகிறவன் சந்திக்கிற ஆகப்பெரிய ஏற்றம் ஏதாவது ஒரு மதகின் முதுகுதான். எழும்பி நின்று இரண்டு மிதி மிதித்தால் அதுவும் முடிந்துவிடும்.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த நான், 2023 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாப் பக்கம் சைக்கிளில் போனேன். கியர் இல்லாத சைக்கிள். போய்ச்சேர நாலு நாள் எடுத்தது. கம்பஸில் இந்தக் கதையைப் பல பேருக்குப் பலவிதமாகச் சொல்லியிருக்கிறேன். சொன்ன எல்லா இடத்திலும் ஒரு துண்டை விட்டுவிட்டுத்தான் சொன்னேன். அதையும் சேர்த்து ஒருமுறை எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன்.

முதலில் சைக்கிள். 2022-இல் பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்றது நினைவிருக்கும். அந்த நேரம் புதுச் சைக்கிள் ஒன்றின் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். அப்பா பின்பத்தியில் கிடந்த தன் பழைய லுமாலாவை வெளியே எடுத்து, துருவைத் தேய்த்து, ரயர் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு என்னிடம் தந்தார். கூடவே கதையையும் தந்தார். 1990-களில் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. அப்பாவும் கூட்டாளிகளும் கிளாலிக் கடலை இரவில் படகில் தாண்டி, அங்கிருந்து வன்னிக்கூடாக வவுனியா வரைக்கும் சைக்கிளில் போய்ச் சாமான் கட்டிக்கொண்டு வருவார்களாம். நூறு தரம் கேட்ட கதை. முடிவு எப்போதும் ஒன்றுதான்: "யாழ்ப்பாணத்தான் சைக்கிளை விட்டு இறங்கமாட்டான் தம்பி."

இரண்டாவது, என் ரூம்மேட். பெயர் போடவேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். றம்பொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பையன். கம்பஸ் கிடைத்து எங்கள் பக்கம் வந்தபோது அவனுக்கு 20 வயது. சைக்கிள் ஓடத் தெரியாது. சைக்கிள் ஓடத் தெரியாத ஓர் ஆம்பிளைப் பிள்ளையை நாங்கள் அப்போதுதான் முதன்முதலில் பார்க்கிறோம். ஒரு கிழமை சிரித்தோம். பிறகு நான்தான் ஒரு வெறும் வளவுக்குள் சீற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி ஓடிப் பழக்கினேன். மலையில் சைக்கிளை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்வான் என்று அன்றைக்கு எங்களில் ஒருவனும் யோசிக்கவில்லை.

அவன் "ஆமா" என்பான், நாங்கள் "ஓம்" என்போம். அவன் "ஒக்காரு" என்பான், நாங்கள் "இரு" என்போம். அதையெல்லாம் சொல்லிக்காட்டிச் சிரிப்போம். அவனுக்கு ரூமில் வைத்த பட்டம் "தேயிலை". அவனும் சிரிப்பான். சிரித்தபடியால் பிழையில்லை என்று எடுத்துக்கொண்டோம்.

ஒருநாள் இரவு கதையோடு கதையாக, "உன்ர வீட்டுக்கு நான் சைக்கிளிலயே வருவன்" என்றேன்.

"வா. ஆனா றம்பொடையில நீ உருட்டுவ மச்சான்."

"நானோ? யாழ்ப்பாணத்தான் உருட்டமாட்டான்டா."

பந்தயம் ஒரு கிழமைக்குக் கொத்து ரொட்டி. வீடு போய்ச்சேரும் வரைக்கும் ஒரு இடத்திலும் இறங்கி உருட்டக்கூடாது. நின்று இளைப்பாறலாம், உருட்டக்கூடாது. அவனும் யாரிடமோ ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு கூட வெளிக்கிட்டான்.

முதல் மூன்று நாளையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஏ9 வீதி, யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரைக்கும் 320 கிலோமீற்றர் சொச்சம். ஆனையிறவில் எதிர்க்காற்று. முறிகண்டிப் பிள்ளையாரடியில் ஒரு தேங்காயும் ஒரு சரை கச்சானும். முதல் இரவு வவுனியா, இரண்டாம் இரவு தம்புள்ளை, மூன்றாம் இரவு பேராதனையில் ஒரு நண்பனின் ரூம். அந்த மூன்று நாளும் நான்தான் முன்னால். அவன் இரண்டு மூன்று கிலோமீற்றர் பின்னால் வியர்க்க விறுவிறுக்க வருவான். "என்ன தேயிலை, சாயம் இறங்கிட்டுதோ?" என்று கேட்பேன்.

மதவாச்சியில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றோம். மன்னாரிலிருந்து வரும் வீதி அங்கேதான் ஏ9-இல் சேர்கிறது. நாங்கள் போவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் அந்தச் சந்தியால் போயிருந்தது. மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடமானதை நினைத்து ஜூலை கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதி வரைக்கும் நடந்தார்கள். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காடு வழியே கால்நடையாகத்தான் மலைக்குப் போனார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

அவன் மன்னார் வீதியைப் பார்த்துக்கொண்டு, "எங்க பாட்டனோட பாட்டன் இந்தப் பக்கமாத்தான் வந்திருக்கணும்" என்றான்.

"சைக்கிளிலயோ?" என்றேன் நான். பகிடி விட்டேனாம். அவன் அதற்கும் சிரித்தான்.

சரி, நாலாவது நாள்.

விடிய ஐந்தரைக்குப் பேராதனையிலிருந்து வெளிக்கிட்டோம். கெலிஓயா, கம்பளை வரைக்கும் மகாவலி பக்கத்தில் வரும். பாதை பெரிதாக ஏறாது. குளிர்ந்த காற்று, கால் லேசாக இருந்தது. இதுதானா மலைநாடு என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். கம்பளையில் ஒரு கடையில் பாணும் பருப்பும் சாப்பிட்டோம். கம்பளைக்குக் கிட்ட இருக்கிற சிங்ஹபிட்டியில்தான் 1820-களில் ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரன் கோப்பித் தோட்டம் போட்டான், 200 வருடக் கணக்கு அங்கேயிருந்துதான் தொடங்குகிறது என்று பருப்பைத் தொட்டுக்கொண்டே அவன் சொன்னான். தேயிலைக்கு முன்னால் இங்கே கோப்பிதான். 1869-க்குப் பிறகு இலையில் நோய் விழுந்து கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. அதே ஆட்கள் கோப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள்.

ஏழரைக்குக் கம்பளையை விட்டோம். அதோடு பாதை தன் குணத்தைக் காட்டத் தொடங்கியது.

வணிகம் படிக்கிறவன் என்பதால் இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. என் சைக்கிளின் முன்சக்கரப் பல்லு 44, பின்னால் 18. ஒரு முழு மிதிக்கு சைக்கிள் ஏறத்தாழ 5 மீற்றர் போகும். சமதரையில் மணிக்கு 18 கிலோமீற்றர் என்றால் நிமிடத்துக்கு 60 சுற்று, காலுக்கு அது சுகமான வேகம். ஏற்றத்தில் வேகம் 8 கிலோமீற்றராக விழுந்தால் சுற்று 27 ஆகிவிடும். அதாவது ஒவ்வொரு மிதியும் படிக்கட்டில் மூட்டையோடு ஏறுவது மாதிரி. கியர் உள்ளவன் பல்லை மாற்றி, மெல்லப் போனாலும் காலை வேகமாகச் சுழற்றுவான். என்னிடம் மாற்ற ஒன்றும் இல்லை. மெல்லப் போனால் முழங்கால் போகும், வேகமாகப் போனால் மூச்சுப் போகும். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர். நுவரெலியா 1,868 மீற்றர். அவன் வீடு நுவரெலியாவுக்குக் கீழே, ஆனால் அதற்கே ஆயிரம் மீற்றராவது ஏறவேண்டும். ஒரு மாடி 3 மீற்றர் என்று வைத்தால் 330 மாடி. நானும் சைக்கிளும் பையும் சேர்ந்து 85 கிலோ. இந்தக் கணக்கை நான் திரும்பி வந்த பிறகுதான் போட்டேன். முதலே போட்டிருந்தால் பந்தயமே பிடித்திருக்கமாட்டேன்.

முதலாவது பெரிய வளைவு வந்ததும் அவன் சத்தம் போடாமல் இறங்கினான். ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினான். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை.

"என்னடா, இவ்வளவுதானோ?" என்றேன்.

"நீ போ மச்சான். நான் வர்றேன்."

நான் எழும்பி நின்று மிதித்தேன். புசல்லாவை போய்ச்சேரப் பத்து மணி. சேர்ட்டைப் பிழிந்தால் ஒரு கிளாஸ் தண்ணீர் வரும். கடை வாங்கில் உட்கார்ந்து பெருமையோடு காத்திருந்தேன். தட்டையான துண்டுகளில் ஓடியும் ஏற்றங்களில் உருட்டியும் அவன் வர இன்னும் 40 நிமிடம் எடுக்கும் என்று நினைத்தேன். 25 நிமிடத்தில் வந்துவிட்டான். மூச்சு வாங்கவில்லை. என் கால் அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது.

புசல்லாவைக்கு அப்பால் கொஞ்சத் தூரம் பாதை இரக்கம் காட்டும். கீழே கொத்மலை நீர்த்தேக்கம் பச்சையாகப் படுத்திருந்தது. எதிரே மலை மலையாகத் தேயிலை, யாரோ சீப்பால் வாரிவிட்டது மாதிரி. படம் எடுக்கலாம் என்று ஃபோனை எடுத்தால் விரல் மடங்கவில்லை. ஹாண்டிலை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.

றம்பொடைக்குப் போக ஒரு மணியாகிவிட்டது. அங்கே நீர்வீழ்ச்சி இருக்கிறது, 109 மீற்றர் உயரம். வாகனங்களில் வந்தவர்கள் இறங்கி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தத் தண்ணீர் மேலேயிருந்து விழுகிறது என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது. அந்த மேலுக்குத்தான் நான் போகவேண்டும். சோற்றுப் பார்சலில் பாதிதான் இறங்கியது. சாப்பிட்டு முடிய மழை தொடங்கியது. ஆகஸ்டில் மலையின் அந்தப் பக்கம் தென்மேல் பருவமழை என்று புவியியல் படித்த எந்தப் பிள்ளையும் சொல்லியிருக்கும். நான் ஓ/எல்லோடு அதை விட்டவன்.

றம்பொடைக்கு மேலே பாதை மலையை மடித்து மடித்துத் தைத்த மாதிரிப் போகிறது. ஒரு வளைவில் நின்று பார்த்தால், நாம் அரை மணிக்கு முன்பு நின்ற இடம் கல்லெறிகிற தூரத்தில் கீழே தெரியும். அரை மணி நேரம் செத்துப் பிழைத்து இவ்வளவுதானா வந்தோம் என்று அழுகை வரும். முதலில் 300 மீற்றருக்கு ஒருமுறை நின்றேன். பிறகு 100 மீற்றர். பிறகு மிதியை எண்ணினேன், இருபது மிதி, நிற்பு. இருபது மிதி, நிற்பு. முன்னால் பஸ் வந்தால் ஓரமாக ஒதுங்கவேண்டும். ஒதுங்கி நின்றால் ஏற்றத்தில் மறுபடி ஏறி மிதிக்க முடியாது, சைக்கிள் பின்னுக்கு வரும். இரண்டு முறை குறுக்கே திருப்பி, பாதையின் அகலத்துக்கு ஓடி, அப்படியே வளைத்து ஏறினேன். பின்னால் வந்த வான்காரன் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனான். நல்லதாக இருக்காது.

எங்களுக்கு வகுப்பில் சங்க் கொஸ்ட் என்று ஒன்று படிப்பிப்பார்கள். ஏற்கனவே செலவழித்து, இனித் திரும்பி வராத காசு. அடுத்த முடிவை எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. சோதனையில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழுப் புள்ளி. றம்பொடை வளைவில் மழைக்குள் நின்றுகொண்டு, "இவ்வளவு தூரம் மிதிச்சிட்டன், இனி இறங்கினால் எல்லாம் வீண்" என்றுதான் நினைத்தேன். படிப்பு ஒரு பக்கம், பிடிவாதம் ஒரு பக்கம்.

எத்தனையாவது வளைவு என்று தெரியாது. எழும்பி நின்று மிதிக்கும்போது வலது தொடை பிடித்துக்கொண்டது. பின்னால் லொறி ஹோர்ன் அடித்தது. முன்சக்கரம் தானாகத் திரும்பியது. நான் வடிகானுக்குள் கிடந்தேன். சைக்கிள் என்மேல் கிடந்தது. லொறி என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. முழங்கால் கிழிந்து, மழைத் தண்ணீரோடு இரத்தம் ஓடியது. எழும்பப் பார்த்தேன், தொடை விடவில்லை.

அவன் பின்னாலிருந்து வருவான் என்று பாதையைப் பார்த்தேன். அவன் வரவில்லை. மேலேயிருந்து "டேய்!" என்று சத்தம் வந்தது. தேயிலைக்குள்ளால் ஒரு குறுக்குப் பாதை, மண்ணில் வெட்டிய படிகள். அதால் ஏறி எனக்கு முன்னாலேயே அடுத்த வளைவுக்குப் போய்விட்டிருக்கிறான். விறகுக்கட்டைத் தூக்குகிற மாதிரி சைக்கிளைத் தோளில் போட்டிருந்தான். அதை அங்கேயே வைத்துவிட்டு இறங்கி ஓடிவந்தான். என்னைத் தூக்கி மதிலில் இருத்தி, துவாயைக் கிழித்து முழங்காலில் கட்டினான். காலை நீட்டிப் பிடித்து, பெருவிரலை மேலே இழுத்தான். பிடிப்பு விட்டது. பந்தயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

"இனிமே நடப்பமா?" என்று மட்டும் கேட்டான்.

இதுதான் நான் எல்லா இடத்திலும் விட்டுவிட்டுச் சொல்கிற துண்டு.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "உனக்கென்ன, நீ தோட்டக்காட்டான், உனக்கு நடந்தே பழக்கம்" என்று கத்தினேன்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லைத் தெரியும். வீட்டில் பெரியவர்கள் வாயில் கேட்டிருப்போம். நாங்கள் சொல்வதில்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம். மூச்சு முட்டி, நோவும் வெட்கமும் ஒன்றாக வந்தபோது அது என் வாயில் தயாராக இருந்தது. தேடி எடுக்கவேண்டியே இருக்கவில்லை. இரண்டு வருடமாகத் "தேயிலை, தேயிலை" என்று கூப்பிட்டதெல்லாம் இந்தச் சொல்லின் செல்லப்பெயர்தான் என்று அந்த நிமிடத்தில்தான் விளங்கியது. எனக்கு அப்போதுதான். அவனுக்கு எப்போதோ விளங்கியிருக்கும்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. என் லுமாலாவை நிமிர்த்தினான். கோணியிருந்த ஹாண்டிலைத் தொடைகளுக்கு நடுவில் சக்கரத்தைப் பிடித்து நேராக்கினான். என்னிடம் தந்தான். தன் சைக்கிள் இருந்த இடத்துக்கு நடந்தான்.

நான் உருட்டத் தொடங்கினேன்.

உருட்டுவதும் லேசில்லை. குனிந்து தள்ளவேண்டும், பெடல் கணுக்காலில் அடிக்கும், ஈரச் செருப்பு வழுக்கும். ஆனால் ஒன்று, நிற்காமல் போகலாம். நான் மிதித்து நின்று மிதித்து நின்று போன அதே வேகம்தான் நடையிலும் வந்தது. புசல்லாவையில் அவன் எப்படி அவ்வளவு கெதியாக வந்தான் என்பதற்கு விடை கிடைத்தது.

இரண்டு வளைவு வரைக்கும் இருவரும் கதைக்கவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற பெண்கள் கூட்டமாக எதிரே வந்தார்கள். தலையில் றப்பர்ச் சீலை, இடுப்பில் சாக்கு. ஒரு அம்மா நின்று, "என்னா தம்பி, சைக்கிளு ஓடலியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நக்கல் இல்லை, சும்மா சிரிப்பு. அவர்களுக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பையோடு ஒரு பிள்ளை, விறகோடு ஒரு கிழவர். எல்லோரும் நடந்துதான் வந்தார்கள். அந்தப் பாதையில் நடப்பதைத் தோல்வி என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான்.

"மச்சான்" என்றேன்.

"ம்."

"மன்னிச்சுக்கொள்ளடா."

கொஞ்ச நேரம் நடந்தான். "ரெண்டு வருசமா நீங்க சொல்றதக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அங்க நல்லா மூச்சு விட்டுக்கிட்டுச் சொல்லுவீங்க. இன்னைக்கு நீ மூச்சு வாங்கிக்கிட்டுச் சொன்ன, அவ்வளவுதான்."

எனக்குப் பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை.

அடுத்த வளைவில் அவனே கதையைத் தொடங்கினான். அந்தக் குறுக்குப் பாதை அவனுக்கு எப்படித் தெரியும் என்று. நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் என்றால் கொழும்பிலிருந்து வாகனம் வரிசையாக வரும். இந்தப் பாதையில் பூ விற்கிற பெடியன்கள் ஒரு வளைவில் பூச்செண்டை நீட்டுவார்கள். வாகனக்காரர் வாங்காமல் போனால் குறுக்குப் பாதையால் மேலே ஓடி, அடுத்த வளைவில் அதே பூவோடு நிற்பார்கள். அங்கேயும் வாங்காவிட்டால் அதற்கடுத்த வளைவு. மூன்றாவது வளைவில் பாவம் பார்த்தாவது வாங்குவார்கள். பன்னிரண்டு வயதில் இரண்டு ஏப்ரல் லீவு அவன் அப்படி ஓடியிருக்கிறான். "காருக்கு முன்னாடி ஓடுனவன்டா நான். சைக்கிளெல்லாம் எனக்குப் பெரிசா?" என்றான். அந்த நாளில் முதன்முறையாக இருவரும் ஒன்றாகச் சிரித்தோம்.

வீடு போய்ச்சேர இருட்டிவிட்டது. லயத்தில் நடுக் காம்பிரா. அவனுடைய அம்மா வாசலில் நின்றார். என் முழங்காலைப் பார்த்ததும், "ஐயோ, என்னா புள்ள இது" என்று உள்ளே கூட்டிப் போய், சுடுதண்ணீரால் கழுவி மஞ்சள் வைத்துக் கட்டினார். தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், சாயத்தண்ணி. ஏழு ரொட்டி சாப்பிட்டேன். எண்ணியது அவன்தான், நான் இல்லை.

அவர் அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு எழும்பி மலைக்குப் போனவர். அவர்கள் தேயிலை நிற்கிற நிலத்தை "மலை" என்பார்கள். 2023-இல் நாட்சம்பளம் 1,000 ரூபா. வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு 2021-இல் கிடைத்த தொகை அது. தோட்டம் சொல்கிற கிலோவுக்குக் கொழுந்து வந்தால்தான் அது முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். மழையில் இலை ஈரமென்று நிறையிலும் கழிப்பார்களாம். நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை. நாங்கள் பந்தயம் பிடித்த ஒரு கிழமைக் கொத்து ரொட்டியின் விலையை அங்கே வைத்து யோசித்துப் பார்த்துவிட்டு, யோசிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

அப்பா ஃபோன் எடுத்தார்.

"போய்ச் சேர்ந்திட்டியோ?"

"ஓம் அப்பா."

"உருட்டினனியோ?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "ஓம். கடைசித் துண்டு முழுக்க உருட்டினதுதான்."

அப்பா சிரித்தார். "அதுக்கென்ன. கிளாலியில இறங்கின பிறகு மணலுக்குள்ளயும் சேத்துக்குள்ளயும் ஆர் சைக்கிள் ஓடினது? நாங்களும் பாதி வழி உருட்டினதுதான்."

"அப்ப ஏன் ஒருநாளும் சொல்லேல்ல?"

"நீ கேக்கேல்லையே."

நூறு தரம் கேட்ட கதையில் இதை மட்டும் அப்பாவும் விட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

படுக்கப் போகும்போது பந்தயத்தை நானே எடுத்தேன். தோல்விதான், ஒரு கிழமைக் கொத்து என் கணக்கு என்றேன். அவன் கணக்குப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "பாதி ஓட்டுன, பாதி உருட்டுன. உனக்கு அரைப்பேருதான்டா" என்றான்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏன்டா, மழையில அம்புட்டுத் தூரம் வந்த புள்ளைக்கு அரைப்பேரா போடுற? முழுப்பேரு போடு."

அடுத்த நாள் காலை லபுக்கலை தாண்டி நுவரெலியாவுக்குப் போனோம். ஏறக்கூடிய இடத்தில் மிதித்தோம், முடியாத இடத்தில் உருட்டினோம். ஊருக்குள் போகிற கடைசி இறக்கத்தில் ஈர றிம்மில் பிறேக் கட்டை பிடிக்காமல் செருப்பைத் தேய்த்துத்தான் வேகத்தைக் குறைத்தேன். திரும்பும்போது சைக்கிளை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். அதற்கு ஒரு வெட்கமும் படவில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு: கியர் உள்ள சைக்கிளோடு போங்கள். பிறேக் கட்டை புதிதாகப் போடுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவு இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். றம்பொடைக்கு மேலே உங்களுக்கு இறங்கவேண்டி வந்தால் இறங்கி நடவுங்கள்.

கொத்து ரொட்டி ஏழு நாளும் வாங்கிக் கொடுத்தேன். இப்போது எங்கள் ரூமில் அவனை எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். முதல் கொஞ்ச நாள் நாக்குப் புரளவில்லை. ஒருநாள் மறதியில் பழைய பட்டம் என் வாயில் பாதி வந்துவிட்டது. அவன் புத்தகத்திலிருந்து நிமிராமலே சொன்னான்: "அரைப்பேரு."